மருத்துவமனை நெட்வொர்க்கையும் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவமனைகளைக் குறிவைக்கும் இணையத் தாக்குதல்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல ஆன்டிவைரஸ் வாங்குங்கள், பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுங்கள் என்பதோடு முடித்துவிட்டார்கள். ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவைக் கவனிக்கிறவன் நான். அது போதாது.

2022 நவம்பரில் இணையத் தாக்குதலால் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை முடங்கியது. புறநோயாளிப் பதிவும் ஆய்வக முடிவுகளும் பல நாள் கையால் எழுதித்தான் நடந்தன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல், மருத்துவமனையே திறக்க முடியாதபடி பூட்டப்பட்டது. நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பிரிக்காததுதான் காரணம் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாரும் அதைக் கேட்டு அதிர்ச்சியடைந்திருக்க மாட்டார்கள். பில்லிங் கவுன்ட்டர், சிசிடிவி, ஸ்கேன் மெஷின், நோயாளியின் உறவினர்கள் பயன்படுத்தும் வைஃபை எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடக்கும் மருத்துவமனைகள் நிறைய. வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு, பீரோ மட்டும் திறந்தபடி.

ஸ்கேன் மெஷின் தனித் தலைவலி. அதோடு வரும் கணினியில் பழைய விண்டோஸ்தான் ஓடும். அப்டேட் போட்டால் வாரன்டி போய்விடும் என்பார் சர்வீஸ் இன்ஜினியர். ஆன்டிவைரஸையும் தொட விடமாட்டார். சரி, அந்த மெஷினைத் திருத்த முடியாது. ஆனால் படங்களைச் சேமிக்கும் சர்வரைத் தவிர வேறு எதனோடும் அது பேச முடியாதபடி தனியாக ஒதுக்கலாம். கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகளில் ஓரளவு நல்லவற்றிலேயே அந்த வசதி உண்டு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை. "அதான் ஃபயர்வால் வாங்கிட்டோமே" என்று நிர்வாகம் கேட்கும்போதுதான் சிக்கல். ஃபயர்வால் என்பது வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் வாசல் பூட்டு மட்டும்தான்.

பேக்கப்பும் அப்படித்தான். சர்வரிலேயே எப்போதும் செருகியிருக்கும் ஹார்டு டிஸ்க், சர்வரோடு சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். ஒரு பிரதியாவது கழற்றித் தனியே இருக்க வேண்டும். அதிலிருந்து தகவலை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். இதைச் செய்பவர்கள் குறைவு.

அப்டேட் போட முடிகிற கணினிகளுக்கும் தாமதம் கூடாது. 2017 மே மாதம் கணினித் தகவல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்படியிருந்தும் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது.

மருத்துவமனைக்குத் தீயணைப்புச் சான்று கேட்கிற அரசு, உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். நெட்வொர்க் பிரிக்கப்பட்டிருக்கிறதா? பேக்கப்பைக் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? சுகாதாரத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவமனைக் கணினிப் பிரிவு ஊழியர்,
ஈரோடு.