குவே தியாவ் என்னும் அரிசி நூடுல் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வாட்ஸ்அப் குழுக்களில் எங்கள் கடையைப் பற்றிச் சுற்றிவரும் செய்தி எங்கள் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. "பழைய குவே தியாவுக்கு எண்ணெய் பூசிப் புதுசென்று விற்கிறார்கள், சட்டியில் போட்டதும் பொடிப்பொடியாகப் போகிறது" என்கிறார்கள். யார் எழுதியது என்று துருவப் போவதில்லை. இறால், லாப் சியோங் (சீன சாஸேஜ்), கூச்சாய் (பூண்டு மணமுள்ள கீரைத்தாள்) எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கி, வீட்டில் நாலு பேரை உட்காரவைத்துவிட்டு, கடைசியில் தட்டில் கூழ் விழுந்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். லண்டனில் இருந்துகொண்டு பினாங்குத் தெருக்கடைச் சுவைக்கு ஆசைப்படுகிறவர்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் "பழசு" என்ற சொல்தான் தொண்டையில் நிற்கிறது. அதனால் அதைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்லிவிடுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரிசி மாவைக் கரைத்து, தட்டில் மெல்லிசாக ஊற்றி, ஆவியில் வேகவைத்து, தாளாக உரித்து நறுக்கினால் குவே தியாவ். வேகும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து இளகுகிறது. ஆறியதும் மறுபடி இறுகத் தொடங்குகிறது. அந்த இறுக்கம் ஃபிரிட்ஜ் குளிரில், அதாவது 4, 5 டிகிரியில், மிக வேகமாக நடக்கும். நேற்றைய இடியாப்பத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் விறைத்துக்கொண்டு நிற்கிறதே, அதேதான் இதுவும். காலையில் வேகவைத்த தாளாகவே இருக்கட்டும், ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருந்தால் விறைக்கும், வளைத்தால் முறியும். அதை வைத்துப் பழசு புதுசு சொல்ல முடியாது.

"பினாங்குச் சந்தையில் வெளியே வைத்துத்தானே விற்கிறார்கள், மெத்தென்று இருக்குமே" என்று கல்லாவில் கேட்பவர்கள் உண்டு. அங்கே விடியற்காலையில் வெந்தது அன்றைக்கே தீர்ந்துவிடும். இங்கிலாந்தில் இந்த மாதிரி ஈரப் பண்டத்தை 8 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைத்துத்தான் விற்க வேண்டும், அது சட்டம். அந்தச் சட்டத்தோடு எங்களுக்குச் சண்டையும் இல்லை. வெந்த அரிசிப் பண்டம் வெளியே கிடந்தால் அதில் பேசில்லஸ் கிருமி பெருகி நஞ்சை விட்டுவைக்கும், அந்த நஞ்சு பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. ஆகவே வீட்டிலும் அன்று மாலை சமைப்பதென்றால்கூட ஃபிரிட்ஜில்தான் வையுங்கள். விறைப்பைப் போக்க வழி இருக்கிறது.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத்தான் எண்ணெய். மலேசியாவில் எந்தக் கடையில் வாங்கினாலும் கையில் எண்ணெய் படும். பூசாவிட்டால் ஒரு கிலோ பொட்டலமும் ஒரே கட்டியாகிவிடும், கத்தியால்தான் வெட்ட வேண்டியிருக்கும். மறைக்க அதில் ஒன்றுமில்லை.

உண்மையிலேயே கெட்டுப்போனது வேறு மாதிரி இருக்கும். பொட்டலத்தைப் பிரித்ததும் புளித்த வாடை வரும், விரலில் தொட்டால் நூல் பிடிக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், சில சமயம் புள்ளியும் விழுந்திருக்கும். அப்படி ஒரு பொட்டலம் உங்கள் கைக்கு வந்தால் ரசீதுகூட வேண்டாம், கொண்டுவந்து கொடுங்கள், பணம் உடனே கைக்கு வரும். விறைத்திருக்கிறது என்பதற்காக மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது.

விறைத்ததை இளக்குவது இப்படி. 400 கிராமை அகலமான தட்டில் பரப்புங்கள். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு, 800 வாட் மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடம். எடுத்து மெல்லப் புரட்டிவிட்டு இன்னும் அரை நிமிடம். மைக்ரோவேவ் இல்லாத வீட்டில் இட்லிப் பானையில் ஈரத்துணி விரித்து 4, 5 நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். சூடாக இருக்கும்போதே விரலால் ஒவ்வொரு பட்டையாகப் பிரித்துவிடுங்கள். குளிர்ந்த கட்டியைக் கையில் எடுத்து உதிர்க்கப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. சட்டிக்குப் போகும் முன்பே பாதி நொறுங்கிவிடும், பழி சட்டியில் விழும். ஒரு பட்டையை ஆள்காட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். விரிசல் விடாமல் சுற்றிக்கொண்டால் தயார்.

கொதிக்கும் தண்ணீரில் போட்டு வடிகட்டுவதாகச் சிலர் சொன்னார்கள். வேண்டாம். வெளிப்புறம் கரைந்து வழவழக்கும், உள்ளே விறைப்பு அப்படியே இருக்கும், வறுக்கும்போது கூழாகும். ஃப்ரீசரும் கூடாது. உள்ளிருக்கும் நீர் பனியாகித் தாளைக் கிழித்துவிடும், உருகியதும் கையில் துண்டுகள்தான் மிஞ்சும்.

வறுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் "உதிர்கிறது" என்று வந்தவர்களிடம் விசாரித்தால் பலரும் நாலு பேருக்கும் ஒரே தடவையில் சட்டியில் கொட்டியிருக்கிறார்கள். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர்கூட பெரும்பாலும் 3, 4 கிலோவாட்டைத் தாண்டாது. தெருக்கடைக்காரரின் தீ அதைப் போலப் பல மடங்கு. அவரே பொறுமையாக ஒன்றிரண்டு தட்டாகத்தான் வறுக்கிறார். 800 கிராமை வீட்டுத் தீயில் போட்டால் சட்டி ஒரே நொடியில் சூடிழக்கும், இறாலும் தாவ்கேயும் (முளைகட்டிய பயறு) தண்ணீர் விடும், எல்லாம் ஆவியில் அவியும். பிறகு நீர் வற்றட்டும் என்று கிளறிக்கொண்டே இருப்போம், அந்தக் கிளறலில் பட்டைகள் அறுந்து போகும்.

எனவே ஒரு தடவைக்கு ஒரு ஆள், ஒரு ஆளுக்கு 200 கிராம். ஒரு தட்டுக்கு இரண்டரை நிமிடம்தான் ஆகும், நாலு பேருக்குப் பத்து நிமிடம். முதல் தட்டு ஆறுமே என்ற கவலை வேண்டாம், முதலில் வறுத்ததை முதல் ஆள் சாப்பிடத் தொடங்கட்டும். தெருக்கடையிலும் அப்படித்தானே.

சாஸ் கலவையை அடுப்பு பற்றவைக்கும் முன்பே கிண்ணத்தில் கலந்துவிடுங்கள். ஒரு தட்டுக்கு லைட் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, கெட்டியான கறுப்பு சோயா அரைத் தேக்கரண்டி, மீன் சாஸ் அரைத் தேக்கரண்டி, சர்க்கரை ஒரு சிட்டிகை, வெள்ளை மிளகுத்தூள், தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி. கறுப்பு சோயாவுக்குப் பதில் இந்தோனேசிய இனிப்பு சோயாவான கெச்சாப் மானிஸை ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் பனை வெல்லம் ஏராளம். காய்ந்த இரும்பில் பட்டதும் கருகிக் கசக்கும். சிங்கப்பூர்ப் பாணியில் மஞ்சள் மீயும் (கோதுமை நூடுல்) கலந்து இனிப்பாக வேண்டுமென்றால் இனிப்பு சாஸைக் கடைசியில், தீயைக் குறைத்துவிட்டு ஊற்றுங்கள். பினாங்குப் பாணிக்கு அது தேவையே இல்லை.

சட்டியைப் புகை கிளம்பும்வரை காயவிடுங்கள், 3, 4 நிமிடம் பிடிக்கும். எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. கடலை எண்ணெய் நல்லது, ஆலிவ் எண்ணெய் வேண்டாம். பன்றிக் கொழுப்பு நாங்கள் வைப்பதில்லை. கோழித் தோலை உருக்கி எடுத்த கொழுப்பு பாதி கலந்தால் மணம் நன்றாக வரும். ஈரம் போகத் துடைத்த இறால் ஐந்தாறு, லாப் சியோங் நாலு வில்லை, இறால் நிறம் மாறியதும் நறுக்கிய பூண்டு ஒரு தேக்கரண்டி, அரைத்து வதக்கிய மிளகாய் விழுது ஒரு தேக்கரண்டி. பூண்டை முதலில் போட்டால் அந்தச் சூட்டில் கருகிவிடும். பிறகு குவே தியாவ். 20 நொடி தொடாதீர்கள், அடியில் லேசாகத் தீயட்டும், அந்தத் தெருக்கடை மணம் அங்கேதான் பிறக்கிறது. அகப்பையை அடியில் விட்டுத் தூக்கிப் புரட்டுங்கள், கிளறக் கூடாது. சாஸ் கலவையைச் சட்டியின் ஓரத்தில் சுற்றி ஊற்றி இரண்டு புரட்டு. எல்லாவற்றையும் ஒதுக்கி, காலி இடத்தில் அரைத் தேக்கரண்டி எண்ணெயும் ஒரு முட்டையும். முட்டை பாதி உறைந்ததும் மேலே மூடிப் புரட்டுங்கள். தாவ்கே ஒரு பிடி, கூச்சாய் அரைப் பிடி, கெராங் (சிறு சிப்பி) இருந்தால் அதுவும், 20 நொடி, இறக்குங்கள்.

கெராங் என்றதும் ஒரு எச்சரிக்கை. இங்கே சூப்பர்மார்க்கெட்டில் வினிகரில் ஊறிய சிப்பி ஜாடியில் கிடைக்கும், பார்க்க அதே மாதிரி இருக்கும். எவ்வளவு கழுவினாலும் அந்தப் புளிப்பு போகாது. எங்கள் ஃப்ரீசரில் அவித்து உறையவைத்தது இருக்கிறது, இல்லையென்றால் கெராங் இல்லாமலே சமையுங்கள்.

மின்சார அடுப்பு, இண்டக்ஷன் உள்ளவர்கள் உருண்டை அடிச் சட்டி வாங்காதீர்கள், நாங்களே விற்றாலும். நடுவில் ஒரு காசளவு இடம்தான் சூடாகும். தட்டையான அடியுள்ள 30 செ.மீ. இரும்புச் சட்டி வாங்குங்கள். கனமான வார்ப்பிரும்பு வாணலி இருந்தால் அதுவும் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டெஃப்லான் சட்டியை வெறுமனே புகையும்வரை காயவைக்கவே கூடாது, பூச்சிலிருந்து வரும் புகை கெடுதல். ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமையலறைக் கதவை மூடிக்கொண்டால் புகை அலாரம் சும்மா இருக்கும்.

பெலாச்சான் என்னும் இறால் விழுதைப் பற்றியும் ஒரு புகார் வந்தது: மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறதாம். உலர்ந்து மொறமொறவென்று இருந்தால் அது உப்பு. பஞ்சு மாதிரி இருந்தால்தான் பூஞ்சை. அலுமினியத் தாளில் தட்டையாகப் பொதிந்து வெறும் சட்டியில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் சுட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார்.

இனி கடை நடைமுறை. பின்கட்டில் தாள் வேகவைத்துக்கொண்டிருந்த அண்ணன் ஊர் திரும்பிவிட்டார். அவருக்குப் பதில் கைப்பக்குவம் உள்ள ஆள் கிடைக்கும்வரை வெளியிலிருந்து வரவழைக்கிறோம். அதனால் புது குவே தியாவ் செவ்வாயும் வெள்ளியும் மட்டும், மாலை 4 மணிக்கு மேல். வாடகையும் மின்கட்டணமும் தேங்காய்ப்பாலின் கொள்முதல் விலையும் எங்கே போய் நிற்கின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் நாலு தட்டுக்குச் சரியாக வரும் 800 கிராம் பொட்டலத்தைப் பழைய விலைக்கே தருகிறோம். மற்ற நாட்களில் வருபவர்களுக்கு உலர்ந்த குவே தியாவ் இருக்கிறது: ஆளுக்கு 90 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில் வளையும்வரை, ஏறக்குறைய 40 நிமிடம் ஊறவைத்து, வடித்து, மேலே சொன்னபடியே வறுக்கலாம். வேகவைக்க வேண்டாம். மாமாக் கடை (மலேசியத் தமிழ் முஸ்லிம் உணவகம்) மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல், போதும் என்பவர்களுக்கு மஞ்சள் மீ எல்லா நாளும் உண்டு. வெந்நீரில் ஒரு அலசு அலசிக் சோடாக் காரத்தின் வாடையைப் போக்கிவிட்டு, அவித்த உருளைக்கிழங்கு, தாவ்ஹூ (டோஃபு), தக்காளி சாஸ், மிளகாய் விழுது சேர்த்துப் புரட்டி எலுமிச்சை பிழியுங்கள். அது அவ்வளவு எளிதில் உடையாது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது.

இத்தனை பேச்சு கிளம்பியும் வழக்கம்போல வந்து, "எங்கள் வீட்டில் ஒன்றும் உடையவில்லையே" என்று கல்லாவில் நின்று மற்றவர்கள் காதில் விழச் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. ஈப்போக்காரர்கள், கிள்ளான்காரர்கள், சிங்கப்பூர்க்காரர்கள், மலேசியப் பக்கமே போகாமல் எங்கள் கடையில்தான் முதன்முதலாகக் குவே தியாவைப் பார்த்த யாழ்ப்பாணத்து, மதுரைக் குடும்பங்கள், உங்கள் எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் வருவதால்தான் கடை திறந்திருக்கிறது.

பொட்டலத்தை இளக்குவதில் சந்தேகம் இருந்தால் வாங்கும்போதே கேளுங்கள், கல்லாவுக்குப் பக்கத்திலுள்ள மைக்ரோவேவில் ஒரு பிடி செய்து காட்டுகிறோம். வெள்ளிக்கிழமைக்கு வேண்டியவர்கள் வியாழன் மதியத்துக்குள் சொல்லிவைத்தால் உங்கள் பெயரில் எடுத்துவைப்போம், இரவு 8 மணிவரை வைத்திருப்போம்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்