குத்தகைப் பணமும் வருமான வரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தஞ்சாவூர், தருமபுரிப் பக்கம் இருக்கும் பூர்வீக நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். குத்தகைப் பணத்துக்கு வரி கிடையாது, அதைக் கணக்கிலும் காட்ட வேண்டாம் என்றே பலர் நினைக்கிறார்கள். முதல் பாதி சரி. நிலத்தில் விவசாயம் நடக்கும்வரை, குத்தகை பணமாக வந்தாலும் நெல்லாக வந்தாலும் அது விவசாய வருமானம்தான், வரிவிலக்கு உண்டு. ஆனால் அது ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டி, சம்பளம் போன்ற மற்ற வருமானமும் அடிப்படை விலக்கு வரம்பை, அதாவது வரியே இல்லாத அளவைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிட இரண்டையும் கூட்டுவார்கள். சம்பளத்துக்கான வரி அதனால் கூடலாம். ரிட்டர்ன், அதாவது வருமானக் கணக்கு, தாக்கல் செய்வதற்கான எளிய ஐடிஆர்-1 படிவமும் அப்போது செல்லாது. அதே நிலத்தில் செல்போன் கோபுரம் நின்றால், அந்த வாடகைக்கு விலக்கே இல்லை.

இன்றைய விலைவாசியில் 5,000 ரூபாய் மிகக் குறைவு. நிதி அமைச்சகம் இதைக் கட்டாயம் உயர்த்த வேண்டும். அப்புறம், எங்கள் ஊர்களில் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான், ரசீது கூட இருக்காது. வருமான வரித்துறை கேட்டால் எதைக் காட்டுவது? ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மாதங்களில் தங்கள் நாளிதழ் இதைப் பற்றி விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு