மாவடை மரவடை: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அண்ணா,

வெள்ளிக்கிழமை உனக்கு வருஷ திதி கொடுத்தாயிற்று. எந்தத் திதி என்பதிலேயே இங்கே பெரிய வாக்குவாதம். வீட்டில் வைத்தே உயிர் போனதா, அம்புன்ட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது படகில் போனதா என்று மதினிக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மோட்டாருக்கு எண்ணெய் இல்லாமல் ராத்திரி முழுக்கத் துடுப்புப் போட்டு வந்தவர்களில் யார் மணி பார்த்திருப்பார்கள்? எங்களுக்குச் சேதி வந்தது மூன்றாம் நாள். ஜோசியர் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார். தம்பி தாமிரபரணியில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைத்தான். நான் படித்துறையில் நின்றேன்.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது திதி இல்லை. போன மாதம் பப்புவா நியூ கினியின் மடாங் நகரத்திலிருந்து உன் மகள் அனுப்பிய ஒரு குரல் பதிவு. நர்சிங் படிப்பு, ஹாஸ்டல் சாப்பாடு என்று என்னென்னவோ பேசிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டாள். "ஆன்ட்டி, கிரவுன் பிலோங் பாப்பா இ ஸ்டாப் வே?" அப்பாவுடைய நிலம் எங்கே இருக்கிறது?

உனக்கு இது விளக்க வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பப்புவா நியூ கினியில் நூற்றுக்கு 97 பங்கு நிலம் குலங்களுக்குச் சொந்தம். பட்டா கிடையாது, விற்பனை கிடையாது. அண்ணன் இருந்த செபிக் ஆற்றுப் பக்கத்தில் குலம் அப்பா வழியாக வருவது. அப்பா வெளிநாட்டுக்காரர் என்றால் பிள்ளைகளுக்கு அந்த வழி அடைபட்டுப் போகும். தாய்மாமன் மனசு வைத்தால் இருக்கலாம், தோட்டம் போடலாம். அங்கே தாய்வழி உறவைக் கண்டெரே என்பார்கள். நம் ஊர் தாய்மாமன் சீர் மாதிரி அங்கேயும் அது பெரிய உறவுதான். ஆனாலும் மாவுக்காகச் சேகோ மரம் வெட்டுவதில் ஒரு தகராறு வந்தால் போதும், ஊர் இளவட்டங்கள் "உங்க அப்பன் நிலத்துக்குப் போங்க" என்று சொல்லிவிடுவார்கள். சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் அவள் கேட்டாள்.

அப்பன் நிலத்தை எழுதி வாங்கியது நான்.

2009 பிப்ரவரி. உன்னைப் பார்க்க வருகிறேன் என்றுதான் கடிதம் போட்டேன். நீயும் அப்படித்தான் நம்பி வீவாக் விமான நிலையத்தில், பத்து வருஷமாகப் பெட்டியில் மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாய். மாப்ரிக் வழியாகப் பாக்வி வரைக்கும் லாரியின் பின்பக்கம் பலகையில். அங்கிருந்து ஒரே மரத்தைக் குடைந்த, ஒரு ஆள் அகலமே உள்ள நீளப் படகில். தொடை மரத்துப் போனது. ஆறு எங்கே, கரை எங்கே என்று தெரியாத வெள்ளம். வேரோடு மிதந்து வந்த புல் திட்டுகளை ஒதுக்கி ஒதுக்கி உன் மச்சான் படகை ஓட்டினார். வழி முழுக்க நீ எனக்குப் பேர் சொல்லிக்கொண்டே வந்தாய். ஆறு தடம் மாறியபோது விட்டுப்போன வளைவு ரவுன் வாரா. குறுக்கே வெட்டிய வாய்க்கால் பாரட். வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே குரல். என் மடியில் இருந்த பைக்குள், உன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தின் நகல் இருந்தது.

உன் வீட்டுக்கு அடியிலும் தண்ணீர்தான். பனை மாதிரி ஒரு மரத்தின் பட்டையைப் பிளந்து விரித்த தரை, லிம்பும். நடந்தால் அமுங்கும், இடுக்கில் பார்த்தால் பழுப்பு வெள்ளம் ஓடும். பக்கத்து வீட்டுக்குப் போகவும் படகு. மதினி சேகோ மாவில் வெந்நீர் ஊற்றி, கண்ணாடிப் பசை மாதிரி கிண்டி, இரண்டு குச்சியால் சுருட்டி என் தட்டில் வைத்தாள். அதுதான் நிஜ ஜவ்வரிசி, சேலத்தில் செய்வது மரவள்ளிக் கிழங்கு என்று நீ சொன்னாய். அம்மா கொடுத்துவிட்ட பாக்குவெட்டியை மதினி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சைப் பாக்கைப் பல்லாலேயே உரித்து, வெற்றிலைக்கொடிக் காயைச் சுண்ணாம்பில் தோய்த்துக் கடிக்கிறவளுக்கு அது எதற்கு? ஆனாலும் ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

மூன்றாம் நாள் பத்திரத்தை எடுத்தேன். நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம் அண்ணா. விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாய். ஒவ்வொரு வரிக்கும் நின்று உன் மச்சானுக்கு அந்த நாட்டுப் பொதுமொழியான டோக் பிசினில் சொன்னாய். சர்வே எண், நான்கெல்லை, எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். கடைசியில் "மேற்படி சொத்திலுள்ள மாவடை மரவடை உட்பட" என்ற இடத்தில் நீயே நின்றுவிட்டாய்.

அவர் என்ன என்று கேட்டார். நிலத்தில் நிற்கிற மரங்களும் சேர்த்தி என்று சொன்னாய். அவர் என் பக்கம் திரும்பி ஒன்று கேட்டார். நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் கைமாறட்டும், அது உங்கள் வழக்கம். இவன் நட்ட மரம் எப்படி உனக்கு வரும்?

அங்கே மரம் வேறு, மண் வேறு. மண் குலத்துடையது, மரம் நட்டவனுடையது. அவர்கள் மண்ணில் நீ நட்ட தென்னையும் பாக்கும் உன்னுடையவை என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நீ அவரிடம், காலேஜ் சேர்ந்த வருஷம் தோப்பில் ஒரு மாங்கன்று வைத்தேன் என்று சொன்னாய். எனக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் ஒரு தடவை சொன்னாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"எல்லாம் சேர்த்துத்தான் அண்ணா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பதினைந்து வருஷமாக அந்தக் குரல் என் காதில் கேட்கிறது. தாலுகா ஆபீஸில் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

அந்த வருஷம் நம் வீட்டில் பணம் எதற்கு வேண்டியிருந்தது என்று இங்கே எழுதமாட்டேன். இதைப் படிக்கப்போகிற நான்கு பேருக்காவது தெரியும், அது போதும். அந்தக் கையெழுத்து என் ஒருத்தியின் யோசனையும் இல்லை. ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தானே.

நீயும் பேசாமல் ஒப்புக்கொண்டு என்னை நிரந்தரக் கடன்காரியாக ஆக்கிவிட்டாய். 1987ல் மூன்று வருஷ ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டுத்தானே போனாய்? அப்பா போனபோது நீ வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நாள். அம்மாவுக்கு முடியாமல் போன கடைசி ஆறு வருஷமும் மலம் அள்ளியது யார்? உன்னிடமிருந்து வந்தது வெள்ளத்தின் போட்டோ, முதலையின் போட்டோ. அம்மா அதையெல்லாம் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். பக்கத்தில் இருக்கிற என்னிடம் உன்னைப் பற்றியே கேட்பாள். அவனுக்கென்ன, ஒரு ஆறே இருக்கிறது, காடே இருக்கிறது என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். உனக்கு அங்கே ஒரு அடி மண்கூடக் கிடையாது என்பதை நீ ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை?

அந்த ஒரு கையெழுத்துக்கு நீ எவ்வளவு தூரம் வந்தாய்! தூதரகத்தில் அத்தாட்சி வேண்டும் என்றதும் என்னோடு கிளம்பிவிட்டாய். தலைநகருக்கு வீவாக்கிலிருந்து சாலையே கிடையாது, பறந்துதான் போக வேண்டும். டிக்கெட்டுக்கு என் பணத்தை வாங்கவில்லை. மதினி வளர்த்த பன்றி இரண்டை விற்றாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போர்ட் மோர்ஸ்பியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும், "ஊருக்குப் போனதும் அம்மாவுக்கு நல்ல கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடு" என்றாய். வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். எனக்கு வந்த பாகம், தோப்பு முழுவதையும், உன் மூன்று பிள்ளைகளுக்கும் உயில் எழுதிப் பதிவு செய்துவிட்டேன். தானமாகக் கொடுக்கத்தான் நினைத்தேன். விவசாய நிலத்தை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தானமாகக் கொடுத்தால் செல்லாது, உயிலாக எழுதுங்கள் என்றார் வக்கீல். பிள்ளைகளை, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குக் கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பிக்கு இதில் வருத்தம். அவனிடம் நேரில் பேசிக்கொள்கிறேன், இங்கே வேண்டாம்.

உன் மகளுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். அப்பா நிலம் இருக்கிறது, ஆற்றங்கரையில், ஒரு கோட்டை விதைப்பாடு என்று. கோட்டை என்றால் என்ன என்று கேட்டாள். ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே என்றேன். படிப்பு முடிந்ததும் வந்து பார்க்க வேண்டுமாம். அப்பா நட்ட மரத்தைக் காட்டுவீர்களா என்று கேட்டாள். நீ அவர்களுக்கு அந்த மாமரத்தைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது.

அண்ணா, ஒவ்வொரு சித்திரையிலும் நீ போனில் கேட்பாய், காய்த்திருக்கிறதா என்று. காய்த்திருக்கிறது, இந்த வருஷம் பிஞ்சு கொஞ்சம் உதிர்ந்துவிட்டது என்று நானும் சொல்வேன். 2011லேயே அதை வெட்டியாயிற்று. அந்த இடத்தில் இப்போது மோட்டார் ரூம் இருக்கிறது. அவள் வந்தால் அதைத்தான் காட்ட வேண்டும்.

உன் தங்கை