எட்டுப் பூங்கா வேண்டாம், மூன்று போதும்

திருகோணமலை

அன்பின் ராஜி,

உன் பட்டியல் கிடைத்தது. வில்பத்து, வஸ்கமுவ, யால, உடவளவை என்று எட்டுத் தேசிய பூங்கா, இரண்டே கிழமையில்! இவரிடம் காட்டினேன். "ஓட்டுகிறது நான்தானே?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். மாட்டேன் என்று சொல்லவில்லை, கவனி. ஆனால் உன் பட்டியல்படி போனால் பிள்ளைகள் பார்க்கப்போவது காட்டை அல்ல, வழி நெடுகக் கிலோமீற்றர் கல்லைத்தான். மூன்று இடம் எடுப்போம். ஒவ்வொன்றிலும் ஆற அமர இருப்போம்.

கனடாவில் கார் நிற்கும் இடத்திலேயே கூடாரம் அடித்து, பிள்ளைகளைச் சைக்கிள் ஓட விடுவீர்கள் என்று எழுதியிருந்தாய். அந்த நினைப்போடு இங்கே வராதே. பூங்கா வாசல் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்குப் பூட்டப்படும். குறித்த சில இடங்கள் தவிர வாகனத்தை விட்டு இறங்க முடியாது. உள்ளே தங்குவதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் முகாம் இடம் ஒன்றை முன்கூட்டியே பதிய வேண்டும். வேலி கிடையாது, குழாய்த் தண்ணியை நம்பிப் போகவும் முடியாது. சாப்பாட்டுச் சாமானை இரவில் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, எல்லாம் ஜீப்புக்குள் பூட்டவேண்டும். மாம்பழ வாசத்துக்கு யானை வந்தால் உன் ரொறன்ரோக் கூடாரத்தின் சிப் எந்த மூலைக்கு?

நான் போட்ட வழி இது. முதலில் கரையோரமாகத் தெற்கே: மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு, பிறகு பொத்துவில். நாங்கள் படிக்கிற காலத்தில் இந்தத் தெருவில் வாகனத்தை ஏற்றி ஆறு கடத்துகிற பாதைக்குக் காத்து நின்றே பாதி நாள் போய்விடும், ஞாபகமிருக்கா? கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தார்கள், வெருகலிலும் இப்போது பாலம். பாதை இழுக்கிறவரோடு சண்டை பிடித்த உன் அப்பா இருந்திருந்தால் நம்பவே மாட்டார்.

பொத்துவிலிலிருந்து பானமை, உகந்தை வழியாகக் குமண. நான் இரண்டு இரவு கேட்பது இங்கேதான். யால கிழக்கு என்று நாங்கள் அறிந்த அதே காடு; 2006இல் பெயர் மாறியது. எங்கள் வான் உள்ளே போகாது, பானமையில் ஜீப் பிடிக்கவேண்டும். குமண வில்லு என்கிற குளத்தில் பறவைகள் கூடு கட்டுகிற காலம் ஓகஸ்டில் அநேகமாக முடிந்திருக்கும். ஆனாலும் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அடியோடு போய்விடாது. கும்புக்கன் ஆற்றங்கரையில் மருத மரங்களின் கீழே முகாம் இடம். அக்கா பாதயாத்திரை போனபோது அந்த ஆற்றைக் கடந்துதான் கதிர்காமம் போனவள். வரட்சியில் மணலாய்க் கிடக்கும் ஆற்றில் கையால் தோண்டினால் தண்ணி ஊறும் என்பாள். பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும். உகந்தை முருகனைக் கும்பிடாமல் உள்ளே போக மாமி விடமாட்டா, அதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறேன். காலுறை கொண்டு வா, வரட்சியில் உண்ணி மோசம்.

யால வேண்டாம். அங்கே ஒரு சிறுத்தையைச் சுற்றி வரிசையாக ஜீப் நிற்கும். அந்தப் புழுதியைக் குடிக்க ரொறன்ரோவில் இருந்து வரவேண்டுமா?

அடுத்தது லாகுகல, மொனராகலை, வெல்லவாய என்று ஏறி ஹோட்டன் சமவெளி. உன் சின்னவன் காட்டில் நடக்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறான் அல்லவா, அவன் ஆசைப்படி இறங்கி நடக்கக்கூடிய பூங்கா அதுதான். 2,100 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 13 பாகை. உன் பிள்ளைகள் சிரிப்பார்கள், என்னுடையவர்கள் விறைத்துப்போவார்கள். ஓகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று, மூடுபனி இருக்கும். அங்கே உலக முடிவு என்கிற மலை விளிம்பில் 800 மீற்றருக்கு மேற்பட்ட செங்குத்துச் சரிவைப் பார்க்க வேண்டுமென்றால் வாசல் திறந்த கையோடு நடக்கத் தொடங்கவேண்டும், ஒன்பது பத்து மணியானால் வெள்ளைச் சுவர்தான். வாசலில் பையைக் கிளறிப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணிப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபிளைக்கூட உரித்துவிட்டுத்தான் தருவார்கள். ஆகவே இடியப்பமும் சம்பலும் வாழையிலையில்.

திரும்பும்போது கண்டி, தம்புள்ளை, ஹபரணை. மூன்றாவது பூங்கா மின்னேரியா; அங்கே கூடாரம் வேண்டாம், ஹபரணையில் அறை எடுத்துக் குளித்து முழுகுவோம். வரட்சியில் குளம் வற்ற, வெளியில் வந்த தரையில் புல் முளைக்கும். அதைத் தேடி 200, 300 யானைகள் வரை சேரும். ஆனால் மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு மின்னேரியாவுக்கு வரட்சியிலும் தண்ணி வருகிறது, புல் மூழ்கிவிடுகிற ஆண்டும் உண்டு. அப்படியானால் பக்கத்திலுள்ள கவுடுல்லவுக்குப் போவோம். அன்றைக்கு ஜீப்காரர் சொல்கிற இடம்தான் சரி. அங்கிருந்து வீட்டுக்கு வரும்போது இருட்டுமுன் கந்தளாயைத் தாண்டிவிட வேண்டும், தெருவில் யானை நிற்கும்.

நீ எழுதாத ஒரு பூங்கா இருக்கிறது. நிலாவெளியில் நாங்கள் வள்ளத்தில் போய் விளையாடிய புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா! இரவு தங்க விடமாட்டார்கள். காலை முதல் வள்ளத்தில் போனால் சனம் வருமுன் பவளப்பாறைப் பக்கம் குட்டிச் சுறாக்களைப் பார்க்கலாம். நீ வந்த களைப்பு ஆறும் நாட்களில் அதை முடித்துவிடுவோம்.

காசு விஷயம்: கனடாப் பாஸ்போர்ட்டுக்கு வெளிநாட்டவர் கட்டணம், எங்களுடையதைவிடப் பல மடங்கு. வாசலில் நின்று நியாயம் கேட்காதே.

மாமிக்குத்தான் இது ஒன்றும் பிடிக்கவில்லை. "இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே சும்மா படுத்தோம், இப்ப காசு குடுத்துப் படுக்கிறதோ?" என்றா. நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் பார்த்தால் தன் பழைய லாம்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறா.

வரும்போது நெற்றியில் கட்டுகிற டோர்ச் நாலும், பிள்ளைகளுக்குப் பூசக்கூடிய நுளம்பு மருந்தும் கொண்டு வா. கூடாரம் ஒன்று போதும், மற்றது இங்கே வாடகைக்கு எடுப்போம். திகதியை இந்தக் கிழமைக்குள் சொல்லு. குமணவில் இடம் பதியவேண்டும், நான் லீவும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

அன்புடன்,
மலர்