பசித்த இடத்தில் மேசை கிடைக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கோடைச் சிறப்பிதழில் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருந்தீர்கள். கோட்டையின் படம் மட்டுமே இரண்டு பக்கம். சாப்பாட்டுக்குக் கிடைத்தது கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம். உணவைப் பற்றி முன்கூட்டியே யோசிக்கத் தேவையில்லை, பசித்த இடத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அதைப் படித்த அன்றே எழுத நினைத்தேன். என் தம்பி குடும்பம் அந்த இதழை நம்பிப் போய்த் திரும்பிய பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பியுடன் போனவர்கள் அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், எங்கள் அம்மா. அம்மா சர்க்கரை நோயாளி, காலையில் இன்சுலின் போட்டுக்கொள்பவர். கோடையில் அந்த ஊரில் பிற்பகல் ஆனால் இடி மழை வருவது வழக்கம். மின்னல் தென்பட்டால் திறந்தவெளி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். அப்போது அத்தனை கூட்டமும் கூரை தேடி உணவகங்களுக்குள் நுழையும். அன்றும் அப்படித்தான் நடந்தது. உட்கார்த்திப் பரிமாறும் இடங்களில் முன்பதிவு நிறைந்திருந்தது. கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடும் இடங்களில் உட்கார நாற்காலி இல்லை. சாப்பாடு தள்ளிப்போனதில் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி வியர்த்துவிட்டது. பிள்ளைக்காக வைத்திருந்த பழச்சாற்றைக் கொடுத்துத்தான் தேற்றியிருக்கிறார்கள். பூங்காவை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தங்கள் விதிகளை வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறார்கள். அவற்றை வாசகருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது உங்கள் கட்டுரை.

நாங்களும் சில ஆண்டுகளுக்கு முன் மாமியாருடன் அங்கே போய்வந்தவர்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். அங்கே மேசை முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பூங்காவின் சொந்த ஹோட்டல்களில் தங்குபவர்கள் வந்து சேரும் நாளிலிருந்து 60 நாள் முன்னதாக, தங்கும் காலத்தில் பத்து நாள் வரைக்கும் ஒரே மூச்சில் பதிவு செய்துகொள்ளலாம். வெளியே தங்குபவர்கள் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டும். இணையத்தில் பதிவு திறப்பது அந்த ஊர் நேரப்படி காலை 6 மணி. கோடையில் நமக்கு அது பிற்பகல் 3.30. அந்த நேரத்தில் கணினி முன் உட்கார்ந்தவள் நான். சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் உணவகமும், மிக்கி மவுஸ் மேசைக்கே வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் பஃபேக்களும் எவ்வளவு சீக்கிரம் நிறைகின்றன என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்யாவிட்டால் தலைக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு அது 50 டாலர். பஃபேயில் 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. 3 முதல் 9 வரை குழந்தைக் கட்டணம். பத்து வயது ஆகிவிட்டால் பெரியவருக்கான முழுக் கட்டணம், பிள்ளை இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டாலும். எங்கள் மூத்தவனுக்கு அப்போது பத்து. எந்த நாள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, எங்கே கவுன்ட்டரில் வாங்குவது என்று நான் முடிவு செய்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று, நம் குடும்பங்களுக்கு மிக முக்கியமானது: டிஸ்னி வேர்ல்டுக்குள் வெளி உணவைக் கொண்டுபோக அனுமதி உண்டு! கண்ணாடிப் பாத்திரம் கூடாது. சூடாக்க வேண்டியதாகவோ கடுமையான வாசனை வீசுவதாகவோ இருக்கக் கூடாது. உதிரி பனிக்கட்டி கூடாது. முக்கியமானவை இவைதான். ஊறுகாய் பாட்டிலை அறையில் விட்டுவிட்டு, சப்பாத்தியும் எலுமிச்சை சாதமும் டப்பாவில் எடுத்துப்போனோம். கவுன்ட்டர் உணவகங்களில் கேட்டால் குளிர்ந்த குடிநீர் இலவசமாகக் கொடுக்கிறார்கள். மாமியார் முட்டை சேர்க்காதவர். பட்டியலில் இலைச் சின்னம் போட்டிருந்தால் அதில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லை. அதைப் பார்த்துத்தான் அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். டிஸ்னி வேர்ல்டின் விலங்குப் பூங்காவான அனிமல் கிங்டமில் விலங்குகளின் பாதுகாப்புக்காகக் கோப்பைக்குப் பிளாஸ்டிக் மூடி தருவதில்லை. சின்னக் குழந்தை இருந்தால் மூடியுள்ள குவளையை நாமே கொண்டுபோக வேண்டும். இதையெல்லாம் எழுதப் பாதிப் பக்கம் போதுமே, ஐயா.

இது இன்று தொடங்கியதும் அல்ல. முன்பு ஒரு முறை டோக்கியோ டிஸ்னிலேண்டைப் பற்றி எழுதினீர்கள். அங்கே சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக முடியாது, வாசலுக்கு வெளியே அதற்கென்று விட்ட இடத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற செய்தியே அதில் இல்லை. நான் எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவான எப்காட்டைப் பற்றி எழுதியபோது உலக உணவெல்லாம் அங்கே கிடைக்கும் என்றீர்கள். அங்கே இருப்பது பதினொரு நாடுகளின் அரங்குகள். அவற்றில் இந்தியா இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் பயணக் கட்டுரைகளில் வருபவர்கள் தனியாகப் போகிறார்கள். அவர்களுக்கு முழங்கால் வலிப்பதில்லை, தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை, வேளைக்கு மாத்திரை இல்லை. உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கும் வீடுகளில் பயணம் என்றால் மூன்று தலைமுறை சேர்ந்து போவது. எத்தனை மணிக்கு யாருக்கு என்ன சாப்பாடு என்பதை ஒருத்தி தலையில் சுமந்துகொண்டே நடக்கிறாள். அவள் சுற்றிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். அவளையும் வாசகியாக நினைத்து எழுதுங்கள் என்று கேட்பது அதிகமா?

கோட்டை இருக்கும் மேஜிக் கிங்டம் பூங்காவில் பசிக்கிறது என்று வெளியே போய்ச் சாப்பிட்டுத் திரும்புவதும் எளிதல்ல. அங்கிருந்து கார் நிறுத்துமிடம் போகவே ஏரியைப் படகில் கடக்க வேண்டும், இல்லையென்றால் மோனோரயில் ஏற வேண்டும். திரும்பி வருவதற்குள் அரை நாள் போய்விடும். அன்றைய டிக்கெட் பணம் யார் தருவது?

பல வருடங்களாக உங்கள் இதழை வாங்குகிறேன். என் பிள்ளைகள் அதில் தமிழ் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள். அந்த உரிமையில்தான் இவ்வளவு எழுதினேன். இனி பொழுதுபோக்குப் பூங்கா பற்றிய கட்டுரை வந்தால் ஓரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். வெளி உணவுக்கு அனுமதி உண்டா, குடிநீர் இலவசமா, மேசை முன்பதிவு எத்தனை நாள் முன்னதாகத் திறக்கிறது, குழந்தைக் கட்டணம் எந்த வயது வரை, சைவ உணவை எப்படி அடையாளம் காண்பது என்ற ஐந்து விவரங்கள் அதில் இருந்தால் போதும். கோட்டையின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி