இல்லாத காய்ச்சலுக்கு ஒரு செலவு

அன்பின் சிவா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பேத்தி பல்கலைக்கழகம் போகிறாள் என்று வாசித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோசம். உன் முழங்கால் ஒப்பரேசனுக்கு இன்னும் திகதி தரவில்லை என்பதும் விளங்கியது. அந்த எரிச்சலில்தான் அடுத்த பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். "இஞ்ச பிரித்தானியாவில எங்கட ஆஸ்பத்திரியே இந்த நிலையில கிடக்க, அரசாங்கம் வெளிநாட்டு உதவியைக் குறைச்சதில என்ன பிழை? உங்கட இலங்கை தன்ர காலில நிண்டுதானே மலேரியாவை ஒழிச்சது?"

உன்னோடு எனக்கென்ன நாசூக்கு? முதல் கேள்வியில் உள்ள கோபம் நியாயம். இரண்டாவதில் இருப்பது பாதிக் கதை. மீதியை நான் சொல்கிறேன், அந்த வேலையில் தலை நரைத்தவன் என்ற உரிமையோடு.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பயிற்சி எடுத்தது களுத்துறையில் என்பது உனக்குத் தெரியும். அங்கேதான் 1926இல் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதற்குக் கைகொடுத்தது அமெரிக்காவின் ரொக்கபெல்லர் மன்றம். அவர்கள் முதலில் இலங்கைக்கு வந்தது கொழுக்கிப் புழுவை ஒழிக்க. தோட்டங்களில் ஆட்களை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. மலசலகூடம் இல்லாத இடத்தில் சில மாதத்தில் அதே ஆளின் வயிற்றில் அதே புழு. மருந்து மட்டும் போதாது, ஊருக்குள்ளேயே இருந்து வீடு வீடாகப் போக ஆள் வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் விளங்கியது. ஒரு வைத்தியர், பரிசோதகர்கள், மருத்துவமாதுகள், அவர்களுக்கென்று எல்லை குறித்த ஒரு பிரதேசம். இன்று நாடு முழுக்க இருக்கிற சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் எல்லாம் அதன் வழிவந்தவை. பிறகு அதை விரித்ததும் சம்பளம் கொடுத்ததும் எங்கள் அரசாங்கம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் தொடக்கத்தில் பிறத்தியான் காசு இருந்தது. ஒரு நோய்க்கென்று வந்த காசு ஊரில் தங்குகிற ஒரு அமைப்பாக மாறியது. அப்படி மாறுவது எவ்வளவு அபூர்வம் என்பது சேவைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி மலேரியா. 1934-35இல் வந்த கொள்ளைநோயில் செத்தவர்கள் 80,000 பேர் அளவில். உன் அப்பாச்சி அந்த வருடத்தைப் பற்றிச் சொல்வதைச் சின்ன வயதில் சேர்ந்திருந்து கேட்டிருக்கிறோம். 1946இல் டி.டி.ரி. என்ற நுளம்பு மருந்தை அடிக்கத் தொடங்கினார்கள். நோய் மளமளவென்று விழுந்தது. 1963இல் முழு நாட்டிலும் பதிவானது 17 பேர். பதினேழு! உலகமே கைதட்டியது. இனி எதற்குச் செலவு என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள், நோயைத் தேடி இரத்தப் பூச்சு எடுக்கிற வேலையும் தளர்ந்தது. பிறகு மழை பொய்த்தது, ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. எங்கள் மலேரியா நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. 1969இல் ஒரே வருடத்தில் 5 இலட்சத்துக்கு மேல் நோயாளர்.

நீ கணக்காளன். "பயன்பாடு இல்லாத செலவினம்" என்று ஒரு வரியை வெட்டுகிறவனுக்கு அந்த வரி எதைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று தெரிவதில்லை. தடுக்கப்பட்ட நோயாளிக்கு எந்த ஏட்டிலும் பதிவில்லை. அறுபதுகளில் கொழும்பில் வெட்டினார்கள், இப்போது வாஷிங்டனிலும் லண்டனிலும் வெட்டுகிறார்கள்.

1999இலும் இரண்டரை இலட்சத்துக்கு மேல் நோயாளர் இருந்தார்கள். அந்தக் காலம் வன்னியில் எப்படியிருந்தது என்று உனக்கு எழுதியிருக்கிறேன். பாதை மூடியிருக்கும், மண்ணெண்ணெய் இருக்காது, ஆனால் இரத்தப் பூச்சு எடுக்கப் போவோம். விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, பெயர் எழுதி, ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருப்போம். குளிசையை முழுதாக விழுங்க வைப்பது பெரும் பாடு. காய்ச்சல் இரண்டாம் நாள் விட்டுவிடும், மிச்சக் குளிசை கூரையில் செருகிக் கிடக்கும். மருத்துவமாது மறுபடி போய்க் கேட்டால்தான் அது வெளியே வரும். அந்த அம்மாவுக்கு அந்த வீட்டின் மூன்று பிள்ளைகளின் பிறந்த நிறையும் தெரியும், அதனால் அவர் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் "ஓம் சேர்" என்பார்கள், அவ்வளவுதான்.

2002இல் எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான உலக நிதியம் தொடங்கிய பிறகு அதன் காசும் எங்கள் மலேரியா தடை இயக்கத்துக்கு வந்தது. மருந்தூட்டிய நுளம்பு வலை, வாகனம், நடமாடும் கிளினிக். நன்றி கெட்டவன் போல் பேசமாட்டேன், அந்தக் காசு இல்லாமல் வடக்கிலும் கிழக்கிலும் கடைசி மைல் போயிருக்க முடியாது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் உள்ளூரில் தொற்றிய நோயாளி கிடைக்கவில்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. ஆனால் அந்த வலையைக் கட்டிலில் கட்டச் சொல்லிக்கொடுத்தது யார்? அரசாங்கச் சம்பளத்தில் சைக்கிளில் போன அதே மருத்துவமாதுதான். அவர் இல்லாத நாட்டில் அதே வலை மீன் பிடிக்கப் போயிருக்கும். (சிரிக்காதே, பல இடங்களில் போயிருக்கிறது.)

2014இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா வந்ததை நினைத்துப் பார். கினி, லைபீரியா, சியரா லியோன். 11,000 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த நாடுகளுக்கு வெளிநாட்டுச் சுகாதார உதவி வராமல் இல்லை. எச்.ஐ.வி.க்கு ஒன்று, மலேரியாவுக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று என்று தனித்தனியாக வந்துகொண்டிருந்தது. காய்ச்சலோடு வருகிற ஒருவரைத் தொட்டுப் பார்க்கக் கையுறையும், மாதச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரு தாதியும் ஊர்க் கிளினிக்கில் இல்லை. அதற்குக் காசு தர எவரும் முன்வரவில்லை, ஏனென்றால் கையுறைக்கு நோயின் பெயர் கிடையாது.

எனவே உன் அரசாங்கத்தில் எனக்கு இரண்டு கோபம். ஒன்று, வெட்டியது. செல்வந்த நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 வீதம் கொடுக்கவேண்டும் என்பது 1970இலேயே ஐ.நா. சபையில் எடுத்த தீர்மானம். 2015இல் அதைச் சட்டமாகவே எழுதிய நாடு உன்னுடையது. 2021இல் 0.5 ஆக்கினார்கள், 2027இல் 0.3 ஆகப் போகிறது. அமெரிக்கா 2025இல் தன் உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. உலக நிதியம் 2025 நவம்பரில் 18 பில்லியன் டொலர் கேட்டது, அன்றைக்கு வாக்குறுதி கிடைத்தது 11.34 பில்லியன். அந்தக் கூட்டத்தைத் தென்னாபிரிக்காவோடு சேர்ந்து நடத்தியதே பிரித்தானியாதான், அதுவே முந்திய ஒரு பில்லியன் பவுணை 850 மில்லியனாகக் குறைத்தது. பந்திக்கு அழைத்தவனே அகப்பையை ஒளித்த மாதிரி.

இரண்டாவது கோபம், கொடுத்த காலத்திலும் கொடுத்த விதம். மூன்று வருடத் திட்டம், எண்ணிக்கை அறிக்கை, முடிந்ததும் பெட்டி கட்டுவது. அதிலே வேலை செய்த பெடியள் திட்டம் முடிந்ததும் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுவார்கள்.

ஆனால் மச்சான், இதில் நீங்களும் சுத்தமில்லை. நீங்கள் என்றால் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள். ஆஸ்பத்திரிக்கு மெசின் வாங்கித் தர எல்லோரும் ஓடி வருகிறீர்கள். பெயர்ப்பலகை, மாலை, படம். மெசினை இயக்க ஆள் இல்லை, பரிசோதனைக்கான இரசாயனம் வாங்கக் காசில்லை, பழுதானால் உதிரிப்பாகம் வர ஆறு மாதம். நான் பார்த்த ஒரு மெசின் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே பழசாகிக்கொண்டிருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், உனக்கே தெரிந்திருக்கும். மருத்துவமாதுவின் ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடித்துத் தர எந்தச் சங்கமும் இதுவரை வரவில்லை. பெற்றோலில் பெயர் எழுத முடியாதே.

எங்களைப் போன்ற நாடுகளின் அரசாங்கங்களை விட்டுவைப்பேன் என்றும் நினைக்காதே. ஆபிரிக்கத் தலைவர்கள் 2001இல் அபுஜாவில் கூடி, வரவுசெலவுத் திட்டத்தில் 15 வீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று கையெழுத்திட்டார்கள், பெரும்பாலான நாடுகள் அந்தப் பக்கமே போகவில்லை. அமெரிக்கா வெட்டிய கையோடு நைஜீரியா பாராளுமன்றம் 200 மில்லியன் டொலரைத் தன் சுகாதாரத்துக்கு மேலதிகமாக ஒதுக்கியது. நல்லது, ஆனால் அடி விழுந்த பிறகுதான் அந்தக் காசு தேடினால் கிடைக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் கதை வேறு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்தோம். அந்த மாதங்களில் ஆஸ்பத்திரிகளில் ஒப்பரேசன் தள்ளிப்போட்டார்கள், நீயே பார்சலில் மருந்து அனுப்பினாய். வட்டியை முதலில் கட்டு, மருந்தைப் பிறகு பார் என்கிற நாட்டுக்கு "உன் காலில் நில்" என்று புத்தி சொல்வது சுலபம்.

அத்தோடு வைத்தியர்கள். இங்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு சதம் கட்டாமல் படித்தவர்கள் அந்த நெருக்கடிக்குப் பிறகு எத்தனை பேர் உங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, என் தங்கையின் மகனும் அதில் ஒருவன். ஆனால் உன் முழங்காலைப் பார்க்கப் போகிற வைத்தியரின் படிப்புச் செலவைக் கிளிநொச்சியில் நெல் விற்கிறவனும் சேர்ந்துதான் கட்டியிருப்பான். உதவி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று உன் கணக்குப் புத்தகத்தில் ஒருதரம் போட்டுப் பார்.

இப்போது இங்கே நிலைமை என்ன என்று கேட்டிருந்தாய். மலேரியா இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. வருடந்தோறும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களோடு சில பேருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆபிரிக்காவில் இரத்தினக்கல் வாங்கப் போகிற வியாபாரிகள், ஐ.நா. அமைதிப்படையில் போன எங்கள் சிப்பாய்கள், இந்தியாவிலிருந்து வருகிறவர்கள். மன்னாரில் பேசாலைப் பக்கம் கிணறுகளில் புது நுளம்பின் குடம்பியைக் கண்டுபிடித்தார்கள். இந்தியப் பட்டினங்களில் மலேரியா பரப்புகிற இனம், பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். அதைக் கண்டுபிடித்தது கிணறு கிணறாக எட்டிப் பார்த்த கள உதவியாளர்கள். நோயே இல்லாத ஊரில் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவனுக்கு ஏன் சம்பளம் என்று கேட்கிற அதிகாரி கொழும்பில் இன்றும் இருக்கிறார்.

மற்றது சீனியும் பிரஷரும். என் வயதுக்காரர் எல்லோரும் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு விடியப் புறப்படுகிறார்கள், ஒரு மாதக் குளிசைக்கு ஒரு நாள் போகிறது. பக்கத்துப் பிரதேச ஆஸ்பத்திரியில் அதே குளிசை கிடைக்கவேண்டும், ஆனால் ஒருமுறை போய் இல்லையென்றால் சனம் அடுத்தமுறை போகாது. மருந்து தீராமல் இருந்தாலே அரைவாசிக் கூட்டம் பெரியாஸ்பத்திரியை விட்டுவிடும். இதற்குப் புதுக் கட்டடம் ஒன்றும் தேவையில்லை.

ஆகவே ஒன்று செய். உன் தொகுதி எம்.பி.க்கு எழுது. நீ வாக்காளன், வரி கட்டுகிறவன், அங்கே எழுதினால் ஒரு பதிலாவது வருமாம். 0.7ஐத் திரும்பக் கேள், கிடைக்காது, இருந்தாலும் கேள். அதைவிட முக்கியமாக, மிச்சமிருக்கிற காசில் ஒரு பங்கு ஊர்க் கிளினிக்கின் சம்பளத்துக்கும் தீராத மருந்துக்கும் பத்து வருடத்துக்கு உறுதியாகப் போகட்டும் என்று எழுது. நோய் குறைந்த நாட்டில் காசை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாக அந்த நாட்டின் கையில் கொடுக்கச் சொல். வைத்தியர்களை எடுத்தால் அவர்களைப் படிப்பித்த நாட்டுக்கு ஏதாவது திரும்பக் கொடுக்கச் சொல். 1963இன் பதினேழையும் 1969இன் ஐந்து இலட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது, அந்த இரண்டு எண்ணும் உன் ஆங்கிலத்தைவிட நன்றாகப் பேசும். பேத்தியையும் கையெழுத்து வைக்கச் சொல், அவளுக்கும் இப்போது வாக்கு இருக்கிறது.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பெற்றோல் கதையை எடுத்துப் பார். பொருளாளர் கத்தினால் என் பெயரைச் சொல்லு.

தையில் வருவதாக எழுதியிருக்கிறாய். ஒப்பரேசன் திகதி அதற்குள் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடு, கோபிக்கமாட்டேன். எம்.பி. பதில் போட்டால் ஒரு பிரதி அனுப்பு. மற்றவை உன் பதில் கண்டு.

அன்புடன்,
தம்பிராசா