முனைவர் என்று மட்டும் போடுங்கள்

மியூனிக்,
16.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

தம்பி கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அனுப்பியிருந்தான். என் பெயருக்குக் கீழே ‘பேராசிரியர், ஜெர்மனி’ என்று இருக்கிறது. அச்சுக்குப் போவதற்குள் அதை எடுத்துவிடுங்கள், அப்பா. தொலைபேசியில் சொன்னால் நீங்கள் வருந்துவதும் நான் தேற்றுவதுமாகப் பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த அன்றே எல்லோரும் ‘பேராசிரியர்’ என்று அழைப்பார்கள். இங்கே அது சட்டம் காக்கும் பட்டம்; உரிமையில்லாதவர் போட்டுக்கொண்டால் குற்றம். நான் வகுப்பு எடுக்கிறேன், தேர்வுத்தாள் திருத்துகிறேன், ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டுகிறேன். ஆனாலும் நான் பேராசிரியர் இல்லை.

நீங்கள் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, பட்டதாரி ஆசிரியராகி, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றீர்கள். ஒவ்வொரு படியிலும் கால் ஊன்ற இடம் இருந்தது. இங்கே நடுவில் படியே இல்லை. பேராசிரியர் ஆனால் ஆயுளுக்கும் அரசு ஊழியர், ஓய்வூதியம் உண்டு. ஆகாவிட்டால் ஒப்பந்தம், அது முடிந்தால் இன்னொரு ஒப்பந்தம். பேராசிரியர் அல்லாத, 45 வயதுக்கு உட்பட்ட ஆய்வாளர்களில் நூற்றுக்கு 90 பேருக்கும் மேல் இப்படித்தான் இருக்கிறார்கள்.

அந்த ஒப்பந்தங்களுக்கும் எல்லை உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு. நான் 2013 அக்டோபரில் வந்தேன். 12 ஆண்டு இந்தச் செப்டம்பரில் முடிகிறது. குழந்தை வளர்ப்பவர்களுக்குக் குழந்தைக்கு 2 ஆண்டு கூட்டித் தரலாம் என்பதால், யாழினியின் புண்ணியத்தில் 2027 வரை ஓடும். வெளியிலிருந்து திட்ட நிதி கிடைத்தால் அந்தத் திட்டம் முடியும்வரை இருக்கலாம். அதற்கு மேல் வழியில்லை.

2018-இல் இந்த நாட்டின் கல்வி அமைச்சகம் இந்தச் சட்டத்தை விளக்க ஒரு படம் வெளியிட்டது. அதில் ஹன்னா என்று ஒரு கற்பனை உயிரியலாளர் வருவார். ஒரே தலைமுறை எல்லா இடங்களையும் அடைத்துக்கொள்ளாமல் இருக்கவே இந்தக் காலவரம்பு என்று படம் சொன்னது. 2021-இல் ஆயிரக்கணக்கானோர் ‘நான்தான் ஹன்னா’ என்று தங்கள் கதையை எழுதினார்கள். நானும் இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து எழுதினேன். அடைப்பு என்று சொல்லிவிட்டார்களே, அப்பா! இந்த ஊர் மாணவர்களுக்கு எத்தனை பருவம் பாடம் சொல்லியிருப்பேன்!

‘இருக்கிற இடத்திலேயே கேட்டுப் பார்’ என்று சொல்வீர்கள். சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக நியமிப்பதில்லை என்பது இங்கே பொது விதி. வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். அதற்கு இரண்டாவதாக ஒரு பெரிய ஆய்வேடு எழுதி, ஹபிலிடாட்சியோன் என்னும் தகுதியைப் பலர் பெறுகிறார்கள். 2022-இல் நானும் பெற்றுவிட்டேன். அதனால் வரும் பட்டம் நிலைக்கத் தொடர்ந்து பாடம் நடத்த வேண்டும்; பெரும்பாலும் அதற்குச் சம்பளம் கிடையாது. வேலை போன பிறகும் ரயிலேறி வந்து பாடம் நடத்திவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும்.

போன நவம்பரில் வடக்கே ஒரு ஊருக்கு நேர்காணலுக்குப் போனேன். இதை ‘பாடிக் காட்டுவது’ என்பார்கள். வேர்களோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். வெண்ணாற்றங்கரையில் நீங்கள் ஒரு கோரையை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறாமல் என் கையில் கொடுத்த நாளைத்தான் முதலில் சொன்னேன். குழுவில் ஒரு அம்மையார் முன்னால் சாய்ந்து கேட்டார். கிடைத்துவிடும் என்று நம்பித்தான் திரும்பினேன். போன வாரம் இரண்டு வரிக் கடிதம் வந்தது. பட்டியலில் நான் இரண்டாம் இடம். முதல் இடத்தவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

1917-இல் இதே மியூனிக்கில் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர் மாணவர்களிடம் பேசியபோது இந்த வாழ்க்கையை மூர்க்கமான சூதாட்டம் என்றார். நூறு ஆண்டு கழித்தும் அந்தச் சொல் எனக்குப் பொருந்துகிறது. இதைச் சொல்வது நான் உழைக்கவில்லையோ என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். என் வேலை எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது. நுண்ணோக்கியில் பூஞ்சை வேருக்குள் நுழைவதைப் பார்க்கும்போது வேறு எதுவும் நினைவில் இருப்பதில்லை.

2027 வரை விண்ணப்பிப்பேன். அதற்குள் கிடைக்காவிட்டால் தாவரப் பாதுகாப்புத் துறையிலோ விதை நிறுவனத்திலோ வேலை தேடுவேன். அவரும் சரி என்று சொல்லிவிட்டார். நீங்களும் சரி என்று சொன்னால் நிம்மதியாக இருப்பேன்.

பத்திரிகையில் ‘முனைவர்’ என்று போடுங்கள். அது நான் படித்து வாங்கியது. ஆவணி முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறோம். யாழினிக்குப் பட்டுப்பாவாடை தைக்க அளவு கேட்டாளே அம்மா, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை 27 அங்குலம். வளர்கிற பிள்ளை, உள்ளே இரண்டு மடிப்பு விடச் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
கயல்